உச்சி தெரியாத நாள்

பட்டியலில் இருந்தவை ஐந்து இடங்கள். பார்த்தவை மூன்று. தில்லியின் மூடுபனியில் ஒரு பள்ளிச் சுற்றுலா கற்றுத்தந்த பாடம், பட்டியலில் இல்லாத ஒன்று.

காலை ஏழு மணி. பேருந்து தயார், ஓட்டுநர் தயார், எட்டாம் வகுப்புக் குழந்தைகள் நாற்பத்தாறு பேரும் தயார். தயாராக இல்லாதது சாலை மட்டும்தான். வடமேற்குத் தில்லியின் புறநகரில் உள்ள அந்த அரசுப் பள்ளியின் வாசலில் நிற்பவர்களுக்கு, சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் பால் பூத் தெரியவில்லை. அங்கிருந்து யாரோ இருமும் சத்தம் மட்டும் கேட்கிறது.

கையில் இருக்கும் நிகழ்ச்சி நிரலில் மூடுபனிக்கு இடம் இல்லை. ஏழு மணிக்குப் புறப்பாடு. எட்டரைக்குச் செங்கோட்டை. பத்தரைக்கு இந்தியா கேட். பதினொன்றரைக்கு ஜந்தர் மந்தர். ஒரு மணிக்கு ஹுமாயூன் கல்லறை, அங்கேயே சாப்பாடு. மூன்றரைக்குக் குதுப் மினார். ஆறு மணிக்குள் பள்ளி வாசல். குதுப்பின் அடித்தளம் போடப்பட்டது 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில். இந்தியா கேட் திறக்கப்பட்டது 1931-இல். எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றைப் பதினொரு மணி நேரத்தில் முடித்துவிடும் திட்டம் அது. இந்தியாவில் பெரும்பாலான பள்ளிச் சுற்றுலாக்கள் இப்படித்தான் தட்டச்சு செய்யப்படுகின்றன.

இந்தப் பயணம் நவம்பரிலேயே நடந்திருக்க வேண்டியது. அப்போது காற்று மாசினால் பள்ளிகள் மூடப்பட்டன, பயணம் தள்ளிப்போனது. ஜனவரி பிறந்தால் குளிர்கால விடுமுறை. அது முடிந்தால் தேர்வுகள். மார்ச்சுக்குள் செலவழிக்காத பணம் திரும்பிப் போய்விடும். மிஞ்சியது டிசம்பர் கடைசி வாரம், அதாவது தில்லியில் எதையும் பார்ப்பதற்கு ஆண்டிலேயே மோசமான வாரங்களில் ஒன்று.

பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பிழைக்க வந்த குடும்பங்களின் குழந்தைகள் இவர்கள். அப்பாக்கள் இ-ரிக்‌ஷா ஓட்டுகிறார்கள், தொழிற்பேட்டையில் வேலை செய்கிறார்கள். தில்லியில் பிறந்தவர்கள்தான் பெரும்பாலோர். ஆனால் செங்கோட்டையை ஆகஸ்ட் 15 அன்று தொலைக்காட்சியில் பார்த்ததோடு சரி. குதுப் மினார் அவர்களுக்குப் பாடப்புத்தகத்தின் அட்டைப்படம். ஆகவே முந்தின இரவு யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. ஸ்வெட்டருக்குள் ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லாய், பையில் பூரியும் உருளைக்கிழங்கும், வழியில் உரித்துத் தின்னக் கின்னோ ஆரஞ்சு.

தமிழ் வாசகருக்குப் பனி என்றதும் மார்கழி விடியலும் மஃப்ளரும் நினைவுக்கு வரலாம். வட இந்தியச் சமவெளியின் மூடுபனி வேறு ரகம். மேற்கிலிருந்து வரும் குளிர்கால மழை மண்ணை நனைத்துவிட்டுப் போகிறது. பிறகு வானம் தெளிகிறது, காற்று அசைவதில்லை. நீண்ட இரவில் தரை வேகமாகக் குளிர்கிறது. தரையை ஒட்டிய ஈரம் நுண்துளிகளாக மாறி அப்படியே நின்றுவிடுகிறது. மேலே சற்று வெதுவெதுப்பான காற்று மூடிபோல அமர்ந்துகொள்வதால் கீழே இருப்பது வெளியேற வழியில்லை. பஞ்சாபிலிருந்து பீகார் வரை ஒரே வெள்ளைப் போர்வை. வாகனப் புகையும் தூசியும் சேர்ந்துகொள்ளும்போது அது வெள்ளைகூட இல்லை. 200 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாவிட்டால் அடர்ந்த மூடுபனி என்றும், 50 மீட்டருக்கு அப்பால் தெரியாவிட்டால் மிக அடர்ந்த மூடுபனி என்றும் வானிலைத் துறை வகைப்படுத்துகிறது. ரயில்வே இந்தப் பனியை மதிக்கத் தெரிந்த துறை. சிக்னல் நெருங்குவதை ஓட்டுநருக்கு உணர்த்தத் தண்டவாளத்தில் வெடிவைப்பது அங்கே பழைய வழக்கம். கண் தோற்றுப்போகும் இடத்தில் காதை நம்பும் ஏற்பாடு அது.

பள்ளிப் பேருந்துக்கு அப்படி ஒரு வெடி கிடையாது. அதற்கு இருப்பவர் ஓர் ஆசிரியைதான். வரலாறு கற்பிப்பவர், ஓய்வு பெற இன்னும் சில ஆண்டுகளே உள்ளவர்.

"முப்பது வருஷமாக இதே ரோட்டில் ஓட்டுகிறேன், மேடம்ஜி. கண்ணை மூடிக்கொண்டு போவேன்" என்றார் ஓட்டுநர்.

"அதுதான் பையா, வேண்டாம் என்கிறேன். ஒன்பதரைக்குக் கண்ணைத் திறந்துகொண்டு போகலாம்" என்றார் ஆசிரியை.

தலைமை ஆசிரியருக்குத் தொலைபேசியில் தகவல் போனது. இரண்டரை மணி நேரம் போனால் ஐந்து இடங்களை எப்படி முடிப்பது என்று கேட்டார் அவர். முடிக்கப்போவதில்லை என்பது பதில். மறுமுனையில் சற்று மௌனம். அனுமதி பெற்றது ஐந்து இடங்களுக்கு, அறிக்கையிலும் ஐந்து இடங்கள் இருக்க வேண்டும் என்று நினைவூட்டிவிட்டு அவர் போனை வைத்தார்.

குழந்தைகள் வகுப்பறைக்குத் திரும்பினார்கள். ஏமாற்றம் முகங்களில் தெரிந்தது. ஆசிரியை கரும்பலகையில் ஐந்து பெயர்களையும் எழுதினார். எதை விடலாம் என்று அவர்களையே கேட்டார். பெரிய கூச்சல். செங்கோட்டை வீட்டுக்குப் பக்கம், மெட்ரோவில் இறங்கினால் வாசல், ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுடன் போகலாம். ஆகவே அது போயிற்று. இந்தியா கேட்டைப் பேருந்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். தூரத்தில் இருப்பதால் குதுப் கட்டாயம். ஒரு நகரத்தின் எந்தப் பகுதி தங்களுக்கு எட்டும், எது எட்டாது என்று அந்த வகுப்பு யோசித்தது அநேகமாக அதுவே முதல் தடவை. சுற்றுலாவின் முதல் பாடம், பேருந்து கிளம்புவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

இன்னொரு ஏற்பாடும் நடந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் எண். எங்கே இறங்கினாலும் ஏறினாலும் ஒன்று முதல் நாற்பத்தாறு வரை உரக்கச் சொல்ல வேண்டும். பனியில் முகம் தெரியாது, குரல் கேட்கும்.

ஜந்தர் மந்தர் என்ற பெயர் இன்று செய்திகளில் வருவது போராட்டங்களுக்காக. 2017-இல் தமிழக விவசாயிகள் மண்டை ஓடுகளுடன் அமர்ந்திருந்ததும் அதன் பக்கத்துச் சாலையில்தான். அந்தச் சாலைக்குப் பெயர் தந்த வானாய்வுக் கூடத்துக்குள் போகிறவர்கள் குறைவு. குழந்தைகள் நுழைந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. சுவர்கள் ஈரத்தில் கருஞ்சிவப்பாக இருந்தன. சாம்ராட் யந்திரம் என்ற மாபெரும் சூரியக் கடிகாரம் முன்னே நின்றது. சுமார் 70 அடி உயரம். அதன் சாய்ந்த விளிம்பு தில்லியின் அட்சரேகைக்குச் சமமான கோணத்தில், பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்திருக்கிறது. அந்த விளிம்பின் நிழல் இருபுறமும் உள்ள வளைந்த அளவுகோல்களில் விழுவதை வைத்து நேரம் சொல்லலாம்.

அன்று நிழல் இல்லை. சூரியன் இருக்கும் திசைகூடத் தெரியவில்லை.

"அப்படியென்றால் இது இன்று வேலை செய்யாதா, மேம்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

ஆசிரியை மழுப்பவில்லை. வேலை செய்யாது என்றார். இதைக் கட்டிய இரண்டாம் ஜெய்சிங்குக்கும் இப்படிப்பட்ட நாட்கள் வந்திருக்கும். அவருடைய ஆட்கள் அடுத்த நாளும் வந்து பார்த்திருப்பார்கள், அதற்கடுத்த நாளும். ஜெய்சிங் ஒரே ஊரில் நிறுத்திக்கொள்ளவில்லை. ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, வாராணசி, மதுரா என்று மேலும் நான்கு ஊர்களில் கட்டினார். அவற்றில் மதுராவில் இருந்தது இன்று இல்லை. பார்த்துப் பார்த்துச் சேர்த்த கணக்குகள் முகலாயப் பேரரசர் முகம்மது ஷாவின் பெயரில் அட்டவணையாயின. விஞ்ஞானம் என்பதில் பெரும்பகுதி காத்திருப்பதுதான் என்று வகுப்பறையில் சொன்னால் குழந்தைகள் எழுதிக்கொள்வார்கள். நிழல் இல்லாத சூரியக் கடிகாரத்தின் முன் நின்று கேட்டபோது புரிந்துகொண்டார்கள்.

தலையை உயர்த்திய ஒரு பையன் வேறொன்றைக் கவனித்தான். பனிக்குள் மங்கலாகச் சுற்றிலும் பெரிய கட்டடங்கள். வெயில் நாளிலும் அவை மறைக்காதா? மறைக்கும். கன்னாட் பிளேஸ் பகுதியின் உயர்ந்த கட்டடங்களால் இந்தக் கருவிகள் முன்போல இயங்க முடிவதில்லை என்பது பல ஆண்டுகளாகவே சொல்லப்பட்டுவரும் குறை. பனி சில மணி நேரத்தில் விலகும். கட்டடங்கள் விலகா.

அங்கே இன்னொரு வேடிக்கையும் காத்திருந்தது. 1910-இல் பதித்த ஒரு கல்வெட்டு, இது 1710-இல் கட்டப்பட்டதாகச் சொல்கிறது. குழந்தைகள் பயபக்தியுடன் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். 1724 என்பதே சரி என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கல்லில் வெட்டியதும் தவறாக இருக்கலாம் என்பதை எட்டாம் வகுப்பிலேயே தெரிந்துகொள்வது நல்லது. யாரும் பழைய எண்ணை அழிக்கக் கூடாது, பக்கத்தில் சரியானதை எழுதுங்கள் என்றார் ஆசிரியை.

இந்தியா கேட்டைக் கடக்கும்போது பேருந்தின் வலப்பக்கம் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு வளைவு தெரிந்தது, மறைந்தது. அதையும் கணக்கில் சேர்த்து நான்கு என்று ஒரு சிறுவன் சொன்னான். வகுப்பு அதை ஏற்கவில்லை.

ஹுமாயூன் கல்லறையில் பனி மரங்களின் உச்சிக்கு ஏறியிருந்தது. மன்னரின் மனைவி பேகா பேகம் முன்னின்று கட்டி, 1570-களின் தொடக்கத்தில் முடித்த இந்தக் கட்டடம் தாஜ் மகாலுக்கு மூத்தது. யுனெஸ்கோ 1993-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இவையெல்லாம் பலகையிலேயே இருக்கும் தகவல்கள். ஆசிரியை சொன்னது கூரையைப் பற்றி. மழைநீர் ஒழுகாமல் இருக்க 20-ஆம் நூற்றாண்டில் கூரையின் மேல் சிமெண்ட் கான்கிரீட்டை அடுக்கடுக்காகப் போட்டுக்கொண்டே வந்தார்கள். ஒழுகல் நிற்கவில்லை, பாரம் ஏறியதுதான் மிச்சம். 2007-க்குப் பிறகு ஆகா கான் அறக்கட்டளை தொல்லியல் துறையுடன் சேர்ந்து செய்த சீரமைப்பில் அந்த கான்கிரீட்டைக் கையால் கொத்தியெடுத்தார்கள். வெளியேறிய எடை சுமார் பத்து லட்சம் கிலோ. அதன் இடத்தில், பழைய கொத்தனார்கள் பயன்படுத்திய சுண்ணாம்புக் கலவையே திரும்ப வந்தது.

வானிலை அதோடு விடவில்லை. 2014 மே 30 அன்று தில்லியைத் தாக்கிய புயற்காற்று குவிமாடத்தின் மேலிருந்த கலசத்தைச் சாய்த்துவிட்டது. சுமார் 18 அடி உயரமுள்ள அந்தக் கலசத்துக்குப் பதிலாகச் செம்பில் புதியது செய்து 2016-இல் ஏற்றினார்கள். விழுந்த பழைய கலசம், 2024-இல் அங்கே நிலத்தடியில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அங்கேதான் முப்பத்தொன்று காணாமல் போனது. முப்பது வரை குரல்கள் வந்தன. பிறகு நிசப்தம். பிறகு முப்பத்திரண்டு. ஆசிரியைகள் நால்வரும் நாலு பக்கம் திரும்பினார்கள். மூன்று நிமிடம்தான், ஆனால் அந்த மூன்று நிமிடத்தின் நீளம் குழந்தைகளை அழைத்துப் போனவர்களுக்குத்தான் தெரியும். முப்பத்தொன்றாம் எண்ணுக்கு உரிய சிறுமி கலசத்தின் கீழே நின்றுகொண்டிருந்தாள். இவ்வளவு பெரியது மேலே இருக்கும்போது ஏன் இவ்வளவு சின்னதாகத் தெரிகிறது என்று அளந்துகொண்டிருந்தாளாம். அவளை யாரும் திட்டவில்லை. எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது.

பழைய தில்லியைக் கட்டியவர்கள் வானிலையை மறந்தவர்கள் அல்லர். அன்று பார்க்க முடியாமல் போன செங்கோட்டைக்குள் சாவன், பாதோன் என்று இரண்டு மண்டபங்கள் இருக்கின்றன. இரண்டும் மழைக்கால மாதங்களின் பெயர்கள். மழை பெய்யாத நாளிலும் நீர்த்திரை விழ வேண்டும், அதன் பின்னால் மாடங்களில் விளக்கு மினுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கட்டியவை. மோசமான வானிலை என்று இன்று நாம் சொல்வதற்கு அவர்கள் மண்டபம் எழுப்பினார்கள். நாமோ வானிலையை மோசமாக்குவதில்தான் கைதேர்ந்திருக்கிறோம். தில்லியின் மாசு செங்கோட்டையின் சிவப்புக் கல்லில் கரும்படலமாகப் படிவதாக இந்திய, இத்தாலிய விஞ்ஞானிகள் 2025-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. 2023-இலும் 2024-இலும் நவம்பர் மாதத்தில் தில்லிப் பள்ளிகளை மூடவைத்ததும் இதே காற்றுதான். சுவருக்கு மூச்சு இல்லை, ஆகவே படலம் வெளியே தெரிகிறது. குழந்தைகளுக்கு அது உள்ளே போகிறது.

குதுப் மினாருக்குப் பேருந்து வந்து சேர்ந்தபோது மணி மூன்று. நடுப்பகலில் சற்று விலகிய பனி மறுபடி இறங்கத் தொடங்கியிருந்தது. முதல் அடுக்கு துல்லியமாகத் தெரிந்தது. கற்களில் செதுக்கிய எழுத்துகளைக்கூடப் பார்க்க முடிந்தது. இரண்டாம் அடுக்கு கோட்டுச் சித்திரம்போல. அதற்கு மேலே வெறும் வெண்மை. 72.5 மீட்டர் என்று புத்தகம் சொல்வதை நம்பத்தான் வேண்டும்.

சில குழந்தைகளுக்கு அழுகை வந்துவிட்டது. இதற்காகத்தானே செங்கோட்டையை விட்டோம் என்றான் ஒருவன். நியாயமான கேள்வி.

ஆசிரியை அவர்களை முற்றத்துக்கு அழைத்துப் போனார். அங்கே நிற்கும் இரும்புத் தூணைப் பார்க்க வானம் தெளிய வேண்டியதில்லை. ஏழு மீட்டருக்குச் சற்று அதிகமான உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, வயது சுமார் 1,600. வேலியில் கை வைத்த குழந்தைகளின் விரல்களில் ஈரம் ஒட்டியது. வீட்டில் தகர டப்பாவையும் சைக்கிள் சங்கிலியையும் இரண்டே வாரத்தில் துருவாக்கும் ஈரம் அது. இந்தத் தூண் எத்தனையோ குளிர்காலங்களைப் பார்த்தும் அரித்துப்போகவில்லை. அந்தக் கால உலைகளில் உருவான இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் என்றும், அது ஈரத்தோடு சேர்ந்து மேலே மெல்லிய பாதுகாப்புப் படலம் ஒன்றை உருவாக்கிக்கொள்கிறது என்றும் விளக்கியவர் கான்பூர் ஐ.ஐ.டி.யின் உலோகவியல் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம். ஈரமும் வெயிலும் மாறி மாறி வருவதே அந்தப் படலத்தை வளர்க்கிறது. மோசமான வானிலை இந்தத் தூணுக்குப் பகை மட்டும் அல்ல. காப்பாற்ற வேண்டியிருந்தது மனிதக் கைகளிடமிருந்துதான். முதுகைச் சாய்த்துக் கைகளைப் பின்னால் கோத்துப் பார்க்கும் வழக்கத்தால் தூண் தேய்ந்ததால் 1997-இல் வேலி போட்டார்கள்.

மினாரும் வானிலையிடம் அடிபட்டதுதான். 14-ஆம் நூற்றாண்டில் இடி விழுந்து உச்சி சேதமடைந்தது. ஃபிரோஸ் ஷா துக்ளக் செப்பனிட்டார். 1803-இல் நிலநடுக்கம். பிறகு மேஜர் ராபர்ட் ஸ்மித் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் பழுது பார்த்து, தன் பங்குக்கு உச்சியில் ஒரு குடையும் வைத்தார். பொருந்தவில்லை என்று 1848-இல் அதை இறக்கிவிட்டார்கள். புல்வெளியில் அது இன்றும் தனியாக நிற்கிறது. உச்சி தெரியாத நாளில், உச்சியிலிருந்து இறக்கப்பட்ட துண்டை மட்டும் குழந்தைகள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள்.

பிறகு எல்லோரும் மினாரின் அடிவாசலுக்கு வந்தார்கள். மூடிய கதவு. உள்ளே 379 படிகள். ஏன் ஏறக் கூடாது என்று பலர் ஒரே சமயத்தில் கேட்டார்கள்.

1981 டிசம்பர் 4. அன்று மக்கள் ஏறலாம். குறுகலான சுழற்படிகளில் நூற்றுக்கணக்கானவர்கள் இருந்தபோது விளக்குகள் அணைந்தன. இருட்டு, அலறல், கீழே இறங்க ஒரே நெரிசல். 45 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் பள்ளிக் குழந்தைகள், சுற்றுலா வந்தவர்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு படிக்கட்டு பொதுமக்களுக்கு மூடப்பட்டது.

அப்போது ஆசிரியை எட்டாம் வகுப்பு. அவருடைய பள்ளி அதற்கடுத்த வாரம் குதுப்புக்கு வருவதாக இருந்தது. பணம் கட்டியாகிவிட்டது, அம்மா புது ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். பயணம் ரத்து என்று பிரார்த்தனைக் கூட்டத்தில் அறிவித்தார்கள். காரணத்தை யாரும் சொல்லவில்லை. வீட்டில் செய்தித்தாளை ஒளித்துவைத்தார்கள். இந்த இடத்தை அவர் முதன்முதலாகப் பார்த்தது கல்லூரியில் படிக்கும்போது, இதே மூடிய கதவுக்கு வெளியே நின்று. இதையெல்லாம் குழந்தைகளிடம் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார். யாரும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சிறுமி, அந்தக் குழந்தைகளுக்கும் எண் கொடுத்திருந்தார்களா என்று கேட்டாள். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

ஹுமாயூனும் படிக்கட்டில் விழுந்துதான் இறந்தார். 1556 ஜனவரியில் பழைய கோட்டையில் நூலகக் கட்டடத்தின் படிகளில் தடுக்கி விழுந்தார். வெள்ளிக் கோள் உதிப்பதைப் பார்க்க மேலே போயிருந்ததாகச் சொல்வார்கள். அது மன்னரின் தனி விபத்து, ஆகவே வரலாறாயிற்று. 45 பேரின் சாவு பாடப்புத்தகத்தில் இல்லை. குதுப்பைப் பற்றி எழுதும் குழந்தை அடுக்குகள் எத்தனை, கட்டியவர் யார் என்று எழுதினால் முழு மதிப்பெண். கதவு ஏன் மூடியிருக்கிறது என்பது கேள்வித்தாளுக்கு வெளியே.

இந்த நாட்டில் பள்ளிச் சுற்றுலா விபத்துகளுக்குப் பிறகு விதிகள் வரும். அதில் குறை இல்லை. 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹரணி ஏரியில் படகு கவிழ்ந்து மாணவர்கள் 12 பேரும் ஆசிரியைகள் இருவரும் இறந்தார்கள். அங்கே காரணம் வானிலை அல்ல; படகில் அளவுக்கு மேல் ஏற்றியிருந்தார்கள், எல்லோருக்கும் உயிர்காப்புச் சட்டை இல்லை. குதுப்பில் விளக்கு, வடோதராவில் சட்டை, வேறொரு நாள் பனியில் ஒரு பேருந்து. ஒவ்வொன்றிலும், போதும், நிறுத்தலாம் என்று யாராவது சொல்லியிருக்கக்கூடிய ஒரு நிமிடம் இருந்திருக்கும். பணம் கட்டியாயிற்று, தேதி குறித்தாயிற்று, குழந்தைகள் ஆவலாக இருக்கிறார்கள், மேலிடம் கேள்வி கேட்கும் என்ற நான்கு காரணங்கள் அந்த நிமிடத்தை விழுங்கிவிடுகின்றன. நிறுத்துகிறவருக்குப் பாராட்டு கிடைப்பதில்லை. நடக்காத விபத்துக்கு யார் மாலை போடுவார்கள்?

ஓர் இடத்தைக் குறைத்தால் குழந்தைகளின் அறிவு குறைந்துவிடும் என்ற அச்சமும் வீண். ஐந்து இடங்களில் ஓடியிருந்தால் கல்வெட்டின் தவற்றைக் கண்டுபிடிக்க நேரம் இருந்திருக்காது. முப்பத்தொன்றாம் எண் கலசத்தை அளந்திருக்க மாட்டாள். தெளிந்த வானமாக இருந்திருந்தால், எல்லோரும் உச்சியைப் பார்த்து ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். இரும்புத் தூணின் ஈரத்தை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். வானிலை எதைக் காட்டுகிறதோ அதைப் பார்ப்பது என்று முடிவெடுத்தால் கெட்ட நாள் என்று ஒன்று இல்லை. பார்க்கக் கூடாத நாள் என்று ஒன்று உண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அறிந்தவர்தான் குழந்தைகளை அழைத்துப் போகத் தகுதியானவர்.

நான்கு மணிக்கு ஆசிரியை கைதட்டினார். இன்னும் பத்து நிமிடம் என்று கெஞ்சல். அவர் இடம் கொடுக்கவில்லை. ஐந்தரைக்குச் சூரிய அஸ்தமனம். அதன் பிறகு பள்ளிவரை முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருட்டும் பனியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று குரல்கள் எழுந்தன. முப்பத்தொன்று மற்ற எல்லோரையும்விட உரக்கக் கத்தினாள். நாற்பத்தாறு வந்ததும் பேருந்து நகர்ந்தது. காலையில் கண்ணை மூடிக்கொண்டு போவேன் என்ற ஓட்டுநர், மாலையில் தானாகவே வேகத்தைக் குறைத்து, முன்னால் போன லாரியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓட்டினார். பள்ளி வாசலில் சால்வை போர்த்திய பெற்றோர்கள் காத்திருந்தபோது மணி ஆறேமுக்கால்.

மறுநாள் அறிக்கைப் படிவம் வந்தது. பார்வையிட்ட இடங்களின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் ஐந்து என்று எழுதிவிட்டால் யாருக்கும் தொல்லை இல்லை என்றார் தலைமை ஆசிரியர். கெட்ட மனிதர் அல்லர். தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ஆசிரியை மூன்று என்று எழுதினார். விடுபட்டதற்குக் காரணம் என்ற இடத்தில் மூடுபனி என்று எழுதினார். பிறகு, படிவத்தில் கட்டமே இல்லாத ஒரு விவரத்தைக் கீழே கையால் சேர்த்தார்:

சென்ற குழந்தைகள் 46. திரும்பிய குழந்தைகள் 46.